ரோட்டுல இருந்து மீண்டு வர்ற முன்னாள் ராணுவ வீரருக்கு உதவுறப்போ பண்ணக்கூடாத தப்புகள்

சென்ட்ரல் பக்கம் பிளாட்ஃபார்ம்ல படுத்திருந்த ஒரு எக்ஸ்-சர்வீஸ்மேனை ஷெல்டர்ல சேர்த்தாச்சு, இனி ஒரு வேலை வாங்கிக் குடுத்துட்டா செட்டில் ஆயிடுவாருன்னு நினைக்கிறோம் பாருங்க, அங்கதான் தப்பு ஆரம்பிக்குது. சின்ன வயசுலயே பட்டாளத்துக்குப் போனவர், எப்ப எந்திரிக்கணும் என்ன சாப்பிடணும்னு எல்லாமே யூனிட் பாத்துக்கிச்சு, நாப்பது வயசு வாக்குல வெளிய வந்து, குடி, குடும்பச் சண்டைன்னு ரோட்டுக்கு வந்துட்டாரு. அவருக்கு உழைப்பு பஞ்சமில்ல, கையில வர்ற காசை மாசம் பூரா ஓட்டறது, சமைக்கறது, வேலை இல்லாத ஒரு நாளைக் கழிக்கறது, இதுதான் கஷ்டம்.

ஆக்குபேஷனல் தெரபி, அதாவது அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கற சிகிச்சை, இதுக்குத்தான். முதல் உலகப்போர்ல காயம்பட்ட வீரர்களுக்கு செஞ்ச வேலையாலதான் அந்தத் துறையே பெருசா வளர்ந்துச்சு.

எல்லாத்தையும் நாமளே செஞ்சு குடுக்காதீங்க, ப்ளீஸ். ஏடிஎம்ல நாமளே காசு எடுத்து, மாத்திரையையும் நாமளே பிரிச்சு வச்சா நாளைக்கு அவர் தனியா என்ன பண்ணுவாரு? தெரபிஸ்ட் ஒரு வேலையைத் துண்டு துண்டா பிரிச்சுப் பாப்பாங்க, சோறு வடிக்கறதுன்னா அரிசி வாங்கறது, தண்ணி அளவு, அடுப்பை அணைக்கறதுன்னு, எங்க தடுமாறுறாரோ அங்க மட்டும் கை குடுப்பாங்க. தலையில அடிபட்டதால அடுப்பை மறக்கறாருன்னா போன்ல அலாரம் வைக்கப் பழக்குவாங்க. பஸ்ல போறதை சார்ட்ல சொல்லிக்குடுத்து ஒரு புண்ணியமும் இல்ல, கூட்டம் பாத்தாலே பதறுறவரை மத்தியானம் காலி பஸ்ல கூட்டிட்டுப் போங்க, பழகினப்புறம் சாயங்காலம் தி.நகர்.

நைட் வாட்ச்மேன் வேலையை யோசிக்காம தலையில கட்டறதும் வேண்டாம், கெட்ட கனவால தூக்கம் இல்லாதவருக்கு நைட் டூட்டி தூக்கத்தை இன்னும் கெடுக்கும். ஆர்மில டிரைவரா, கிளார்க்கா, குக்கா, அதைக் கேளுங்க, என்ன ஆசைன்னும் கேளுங்க. பெருசுன்னு கூப்பிடாதீங்க, சார்னு கூப்பிடுங்க. சண்டைக் கதை சொல்லச் சொல்லி வற்புறுத்தாதீங்க.

பட்டாளத்துல இருந்தவருக்கு பென்ஷன் வந்துட்டுதான் இருக்கும்னு நம்பிடாதீங்க, சாதாரணமா 15 வருஷ சர்வீஸ் முடிச்சாதான் சிப்பாய்க்கு பென்ஷன். டிஸ்சார்ஜ் புக் (பட்டாளத்துல இருந்து வெளிய வர்றப்போ குடுக்கற சர்வீஸ் பதிவு) தொலைஞ்சிருந்தா முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு கூடப் போங்க, ஆனா பேசறது அவரா இருக்கட்டும்.

தனி ரூம் கிடைச்சதும் கைகழுவிடறதுதான் எனக்கு ரொம்ப வருத்தம், சிக்கலே அப்பதான் ஆரம்பிக்கும். முதல் சில மாசம் அடிக்கடி போய், வாடகைக்கு எடுத்து வச்சாரா, மாத்திரை தீந்துபோச்சா, பேச ஆள் இருக்கான்னு அவரையே கேளுங்க.