‘ரன்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு இடமறிந்து பொருள் கொள்வது எப்படி?

‘ரன்’ என்றால் ஓடு என்று பள்ளியில் படித்த நினைவோடு ஆங்கிலச் செய்தி ஒன்றைப் படிக்கத் தொடங்குபவர், காலே இல்லாத பலவும் அங்கே ‘ரன்’ ஆவதைக் கண்டு திகைப்பார். ஒருவர் நிறுவனத்தை ‘ரன்’ செய்கிறார், இன்னொருவர் தேர்தலில் ‘ரன்’ செய்கிறார், ஒப்பந்தம் இரண்டாண்டு ‘ரன்’ ஆகிறது, குழந்தையின் மூக்கு ‘ரன்’ ஆகிறது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் திருத்தப் பணியில் இந்தச் சொல்லைக் கையில் எடுத்த பீட்டர் கில்லிவர் இதற்கென்றே ஏறத்தாழ ஒன்பது மாதம் செலவிட்டார். வினைச்சொல்லாக மட்டும் இதற்கு 645 பொருள்கள் தேறியதாக 2011-இல் செய்தி வந்தது. அதுவரை முதலிடத்தில் இருந்த ‘செட்’ என்னும் சொல் பின்னுக்குப் போயிற்று. அத்தனையையும் மனப்பாடம் செய்ய யாராலும் முடியாது. அதற்குத் தேவையும் இல்லை. வாக்கியத்திலிருந்தே பொருளைக் கண்டெடுக்கும் வழியைத் தொல்காப்பியம் நமக்குச் சொல்லியிருக்கிறது.

பலபொருள் ஒருசொல்லின் பொருள் எதனால் தெளிவாகும் என்று கேட்டு, வினையாலும் இனத்தாலும் சார்பாலும் என்று விடை தருகிறது அதன் சொல்லதிகாரம். உரையாசிரியர்கள் இதற்கு ‘மா’ என்னும் சொல்லை எடுத்துக்காட்டுவார்கள். மா பூத்தது என்றால் மரம். அது வினையால் தெரிகிறது. மாவும் மருதும் ஓங்கின என்றாலும் மரமே. உடன் நிற்கும் இனத்தால் தெரிகிறது. கவசம் அணிந்து நிற்கும் வீரன் ‘மா கொண்டு வா’ என்றால் குதிரை. சூழலாகிய சார்பு அதைச் சொல்லிவிடுகிறது. இந்த மூன்றையும் ‘ரன்’ மீது வைத்துப் பார்ப்போம். ‘மா’ பெயர்ச்சொல், ‘ரன்’ பெரும்பாலும் வினைச்சொல் என்பதால், இங்கே வினையின் தன்மையையும் அதனோடு சேரும் பெயரையும் பார்க்க வேண்டும்.

முதலில் செயப்படுபொருள் இருக்கிறதா என்று பாருங்கள். இது மிகவும் முக்கியமான சோதனை. பாதிக் குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடும். தமிழில் தன்வினைக்கும் பிறவினைக்கும் வடிவம் வேறு: ஓடு, ஓட்டு, நட, நடத்து, இயங்கு, இயக்கு. ஆங்கிலத்தில் ‘ரன்’ என்னும் ஒரே வடிவம் இரண்டு வேலையையும் செய்கிறது. ‘தி என்ஜின் ரன்ஸ்’ என்றால் எஞ்சின் ஓடுகிறது. ‘ஷி ரன்ஸ் எ ஸ்கூல்’ என்றால் அவர் ஒரு பள்ளியை நடத்துகிறார். எதை என்ற கேள்விக்கு வாக்கியத்தில் விடை இருந்தால் ஓட்டு, நடத்து, இயக்கு, வெளியிடு ஆகிய பிறவினைப் பக்கம் தேடுங்கள். இல்லாவிட்டால் ஓடு, இயங்கு, செல், நீடி ஆகியவற்றின் பக்கம் தேடுங்கள். பத்திரிகை ஒரு செய்தியை ‘ரன்’ செய்தது என்றால் வெளியிட்டது என்றும், ஒருவர் கணினியில் ஒரு நிரலை ‘ரன்’ செய்தார் என்றால் இயக்கினார் என்றும் இப்படித்தான் கொள்கிறோம். விலக்கு இல்லாமலில்லை: காய்ச்சலை ‘ரன்’ செய்வது என்பது காய்ச்சல் அடிப்பதுதான், அதை யாரும் நடத்துவதில்லை.

அடுத்து, உடன் வரும் பெயர் எந்த இனம் என்று பாருங்கள். நீர்மப் பொருள்களோடு வரும்போதுதான் இந்தச் சொல்லின் நயமும், அதைத் தமிழாக்குவதில் உள்ள சிக்கலும் ஒருங்கே தெரியும். ஆற்றுக்கும் மூக்குக்கும் துணியின் சாயத்துக்கும் குழாய்க்கும் ஆங்கிலம் ‘ரன்’ ஒன்றையே வைத்துக்கொள்ள, தமிழோ ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் வைத்திருக்கிறது. ஆறு ஓடும், மூக்கு ஒழுகும், சாயம் போகும். குழாயிலோ தண்ணீர் வந்துகொண்டிருக்கும். மூக்கு ஓடுகிறது என்று எழுதினால் அது பிழை என்பதை எந்தக் குழந்தையும் சொல்லிவிடும். ஆகவே பெயரைப் பார்த்த பிறகு, அந்தப் பெயரோடு தமிழில் இயல்பாக எந்த வினை வரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாலை, வேலி, மலைத்தொடர் ஆகியவற்றோடு வந்தால் அது இடப்பரப்பு: செல்கிறது, நீள்கிறது. ஒப்பந்தம், தண்டனை, நாடகம் ஆகியவற்றோடு வந்தால் அது காலம்: நீடிக்கிறது, நடக்கிறது. திரைப்படத்துக்கு மட்டும் நாமும் ஓடுகிறது என்றே சொல்கிறோம் என்பது மகிழ்ச்சியான பொருத்தம்.

வினையைத் தொட்டுக்கொண்டு நிற்கும் சிறு சொற்களைத் தவறவிடக் கூடாது. ‘ரன் அவுட் ஆஃப்’ என்றால் தீர்ந்துபோதல். ‘ரன் இன்டு’ என்பதற்கு ஆள் வந்தால் தற்செயலாகச் சந்தித்தல், சுவர் வந்தால் மோதுதல், சிக்கல் வந்தால் எதிர்ப்படுதல். ‘ரன் ஓவர்’ என்பது வண்டிக்கு ஆள்மீது ஏறிவிடுவது, கூட்டத்துக்குக் குறித்த நேரத்தைத் தாண்டுவது. ‘ரன் டவுன்’ என்பது மின்கலத்துக்குத் தீர்ந்துபோவது, மனிதரைப் பொறுத்தவரை தூற்றுவது.

இப்போது ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போம்: ‘தி ரிவர் ரன்ஸ் பாஸ்ட் தி ஃபேக்டரி ஹிஸ் ஃபேமிலி ஹேஸ் ரன் ஃபார் தேர்ட்டி இயர்ஸ், பட் தி மணி இஸ் ரன்னிங் அவுட்.’ முதல் ‘ரன்’ ஆற்றுக்கு உரியது, செயப்படுபொருள் இல்லை; ஆகவே ஓடுகிறது. இரண்டாவதற்குச் செயப்படுபொருள் முன்னாலேயே வந்துவிட்ட தொழிற்சாலை, ஆகவே நடத்துகிறது. மூன்றாவதன் பக்கத்தில் ‘அவுட்’ நிற்கிறது, எழுவாய் பணம், ஆகவே தீர்கிறது. ‘அவருடைய குடும்பம் முப்பது ஆண்டுகளாக நடத்திவரும் தொழிற்சாலையை ஒட்டி ஆறு ஓடுகிறது; ஆனால் பணம் தீர்ந்துகொண்டிருக்கிறது’ என்று எழுதினால், ஒரு சொல் மூன்று சொல்லாகப் பிரிந்து தத்தம் இடத்தில் அமர்ந்துவிடும்.

பெயர்ச்சொல்லாக வரும் ‘ரன்’ கிரிக்கெட்டில் ஓட்டம் என்பது எல்லோருக்கும் தெரியும். வங்கியோடு வந்தால் மட்டும் கவனம் வேண்டும்: வைப்பாளர்கள் அச்சத்தில் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்கத் திரள்வதுதான் வங்கி மீதான ‘ரன்’. 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் முன் மக்கள் வரிசையில் நின்றது அத்தகையது. அதை வங்கி ஓட்டம் என்று எழுதினால் வாசகருக்கு ஒன்றும் விளங்காது.

அகராதியைத் திறக்கும்போது அது எந்த வகை அகராதி என்பதையும் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதி வரலாற்று முறையில் அமைந்தது. அதில் முன்னால் நிற்பது பழைய பொருளே தவிர, இன்று பெருவழக்கில் உள்ள பொருளாக இருக்க வேண்டியதில்லை. மொழி பயில்பவர்களுக்கான அகராதிகள் பெரும்பாலும் வழக்கில் மிகுந்த பொருளை முன்வைக்கும். ஆகவே தொடக்கத்தில் அவையே உதவும். குறிப்பேட்டில் எழுதும்போது ‘ரன்’ என்று தனியாக எழுதாமல், மூக்கு, பள்ளி, ஒப்பந்தம் என்று உடன் வரும் பெயரோடு சேர்த்து எழுதிவைத்தால் நினைவில் நிற்கும்.

வினையும் இனமும் கைகொடுக்காத இடங்களும் உண்டு. ‘வி ரான் அவுட்’ என்று மூன்றே சொல் மட்டும் கண்ணில் பட்டால் எந்தச் சோதனையாலும் முடிவுக்கு வர முடியாது. அப்போது சார்பைத் தேடி முந்தைய வாக்கியத்துக்குப் போக வேண்டும். அங்கே தீ எச்சரிக்கை மணி அடித்திருந்தால் நாங்கள் வெளியே ஓடினோம்; அங்கே பெட்ரோலைப் பற்றிய பேச்சு இருந்தால் எங்களிடம் அது தீர்ந்துவிட்டது.