பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கு: பங்குகளுக்கான செய்முறை

புனித வெள்ளிக்கு முந்தைய நாளான பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் (பூசையில்), மறையுரைக்குப் பிறகு, இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதன் நினைவாக வரும் பாதம் கழுவும் சடங்கு கட்டாயமானது அல்ல. செய்வதென்றால் சரியாகச் செய்ய வேண்டும். பல பங்குகளில், அதாவது ஆலயச் சமூகங்களில், இது பெரிய மனிதர்களுக்கு முன்வரிசை மரியாதையாக மாறிவிடுகிறது. குரு குனிகிறார், ஆனால் யார் முன்னால்?

ஆள் தேர்வை இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். பங்குப் பேரவை, திருவிழா உபயதாரர் பட்டியல் பக்கம் போகாமல் அன்பியங்களிடம் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் சிறு குழுக்களிடம்) பெயர் கேளுங்கள். ஒரே தெருவோ ஒரே சாதியோ வரிசையை நிரப்ப விடாதீர்கள். திருப்பலி நூலில் பன்னிரண்டு என்ற எண்ணிக்கை இல்லை. ஆண்கள் மட்டும் என்ற விதியும் வத்திக்கானின் 2016 ஜனவரி 6 ஆணையோடு போய்விட்டது. 2013-லேயே திருத்தந்தை பிரான்சிஸ் ரோமில் சிறார் சிறைக்குப் போய், பெண்கள் உட்பட 12 பேரின் பாதங்களைக் கழுவியிருந்தார். காசிமேட்டில் மீன் விற்கும் அம்மா, துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர், தூய்மைப் பணியாளர், மடத்துச் சமையற்கட்டிலேயே காலம் கழித்த வயதான சிஸ்டர் ஆகியோர் இருக்கட்டும். பெரிய வியாழன் ஏப்ரல் 15-க்கு முன் வந்தால் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியிருக்காது. விசைப்படகுத் தொழிலாளி கடலில் இருக்கலாம். அதனால் கூடுதலாக இருவரிடம் சொல்லிவையுங்கள்.

உபதேசியாரை (பங்கில் மறைக்கல்வி தரும் பணியாளரை) அனுப்பாமல் பங்குத்தந்தையே வீட்டுக்குப் போய்க் கேட்கட்டும். “எனக்கு எதுக்கு ஃபாதர், பெரியவங்க இருக்காங்களே” என்பார்கள். பாதி தயக்கம் வெடித்த குதிகாலைப் பற்றியது. அப்படியே வரலாம் என்று சொல்லுங்கள். சர்க்கரைப் புண் இருந்தால் நல்ல காலை மட்டும் கழுவலாம்.

ஒரு பாதத்துக்குக் கால் லிட்டர் வீதம் 12 பேருக்கு 6 லிட்டர் தண்ணீர். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் அந்த வெயில் காலத்தில் மாலையிலும் சுடும். காலையிலேயே குடத்தில் பிடித்து வையுங்கள். செம்பு, அகலமான பேசின், காலி வாளி, 14 துண்டுகள், ரப்பர் விரிப்பு வேண்டும். புதுத் துண்டு ஈரம் இழுக்காது, இருமுறை அலசி வையுங்கள். நான்கு பேருக்கு ஒருமுறை பேசினைக் காலி செய்யாவிட்டால் தளும்பி, கிரானைட் தரையில் பீடச்சிறுவர்கள் வழுக்குவார்கள். நாற்காலிகள் எல்லாம் ஒரே மாதிரி, ஒரே உயரம்.

தேவைப்பட்டால் குரு மேல் திருவுடையைக் கழற்றலாம். ஆயர் தலைமை தாங்கினால் தலைச்சீராவையும் (ஆயரின் உயரமான தொப்பியையும்) கழற்றுவார். பீடச்சிறுவர் உதவியோடு தண்ணீர் ஊற்றுவதும் துடைப்பதும் குருவின் வேலை. துடைப்பதை மட்டும் துணைப் பங்குத்தந்தையிடமோ குருத்துவப் பயிற்சியில் இருக்கும் பிரதரிடமோ தள்ளிவிடும் பழக்கம் சடங்கின் உயிரையே எடுத்துவிடும். முழங்கால் வலி என்றால் தாழ்ந்த முக்காலியில் உட்காரலாம். பெயர், பதவி அறிவிப்போ சால்வையோ வேண்டாம். படமெடுப்பவர் ஒருவர், ஓரமாக.

முடிந்ததும் குரு கைகழுவி, திருவுடை அணிந்து, விசுவாச அறிக்கை சொல்லாமல் நேரே பொது மன்றாட்டுக்குப் போவார். ஈரத் துண்டுகளை மூட்டை கட்டிக் கன்னியர் மடத்துக்கு அனுப்பாதீர்கள். குருக்கள் இல்லத்திலேயே துவைக்கட்டும்.