கடலோரச் சுவரில் செங்கல் டைல்: வெள்ளை பூக்காமல் ஒட்ட

புதுச்சேரி, கடலூர் பக்கம் வெளிச்சுவரில் ஒட்டிய செங்கல் டைல் முதல் மழையிலேயே வெள்ளையாக உப்பு பூக்கிறதா? கலவைத் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். உப்பேறிய போர் தண்ணீர் வேண்டாம்.

பெயிண்ட் மேல் ஒட்டவே கூடாது; பூச்சு தெரியச் சுரண்டிக் கொத்துங்கள். தட்டினால் பொள்ளலாகச் சத்தம் வரும் இடத்தை உடைத்துப் பூசுங்கள். மூலைத் துண்டுகள் முதலில், பிறகு கீழிருந்து மேலே, மட்டம் பார்த்து. பாலிமர் பசையைச் சுவரில் பல் கரண்டியால் (விளிம்பில் பல் வெட்டிய கரண்டி) இழுத்து, டைல் முதுகிலும் மெல்லத் தடவுங்கள். நாலு மூலையில் மட்டும் பசை உருண்டை வைக்கும் கொத்தனாரை அங்கேயே நிறுத்துங்கள். உருண்டைகளுக்கு நடுவில் விழும் வெற்றிடத்தில்தான் மழைநீர் தங்கும். 230-க்கு 75 மி.மீ. டைல், 10 மி.மீ. இடைவெளி என்றால் 100 சதுர அடிக்குச் சேதாரம் சேர்த்து 500 வாங்கலாம்.

மறுநாள் பாயிண்டிங், அதாவது டைல் இடைவெளிகளைக் கலவையால் அடைப்பது. நன்றாகக் காய்ந்தபின் தண்ணீரை உள்ளே விடாத சிலேன்-சிலாக்சேன் கோட்டிங், ஐப்பசி மழைக்கு முன்.