பாதாளச் சாக்கடைக்குக் கடன் வாங்கும்போது நகராட்சிகள் செய்யும் தவறுகள்

இருபது வருடம் நகராட்சிக் கணக்குப் பிரிவில் இருந்தேன். இப்போது புதியவர்கள் தயாரிக்கும் கடன் கோப்புகளைப் புரட்டினால், அன்று நான் செய்த தவறுகளே திரும்ப வருகின்றன. கூட்டல் பிழை, விட்டுப்போன கையெழுத்து எல்லாம் எப்படியும் பிடிபட்டுவிடும். அவற்றை விடுங்கள்.

குழாய் பதித்த மாதமே வருமானம் வரும் என்று எழுதுவது

இன்றும் எனக்குக் கோபம் வரவைக்கும் தவறு இது. என் முதல் கோப்பில், பணி முடிந்ததும் எல்லா வீடுகளும் இணைப்பு வாங்கிவிடும் என்று அட்டவணை போட்டேன். தெருவில் குழாய் போனது. ஆனால் 'செப்டிக் டேங்க் நன்றாகத்தானே இருக்கிறது' என்று பாதிப் பேர் இணைப்பு கேட்கவே இல்லை. உந்து நிலைய மோட்டாருக்குக் கரண்ட் பில் வந்தது. கடன் அசலைக் கட்டத் தொடங்கக் கொடுத்த அவகாசமும் முடிந்து தவணை வந்தது. சொத்து வரியை எடுத்துக் கட்டினோம். தெருவிளக்கு வேலை நின்றுபோனது.

அரசு ஒப்புதல் தந்துவிட்டதே, அவர்கள் பார்த்திருப்பார்கள் என்று இருந்துவிடாதீர்கள். நீங்கள் எழுதிய எண்களை வைத்துத்தான் மேலே திருப்பிக் கட்டும் திறனைக் கணக்கிடுகிறார்கள். எத்தனை வீடு இணையும் என்பது வார்டில் வீடு வீடாகப் போய்க் கேட்டால்தான் தெரியும்.

ஆலந்தூர் நகராட்சி 1990களின் இறுதியில் இதைச் சரியாகச் செய்தது. வீட்டுக்கு 5,000 ரூபாய் என்று இணைப்பு டெபாசிட்டை முன்கூட்டியே வசூலித்தார்கள். வாங்க வேண்டிய கடன் குறைந்தது. யார் இணைவார்கள் என்பதும் தெரிந்துவிட்டது. நீங்களும் டெபாசிட் கட்டிய வீடுகளை மட்டும் எண்ணி அட்டவணை போடுங்கள்.

ஒப்புதலுக்கு முன் வேலை உத்தரவு

கூடவே கூடாது.

சாலைச் செலவை விட்டுவிடுவது

வெட்டிய தெருவைத் திரும்பப் போடும் செலவும் மதிப்பீட்டில் இருக்க வேண்டும்.

கடன் பணத்தில் கைவைப்பது

1914ஆம் ஆண்டு உள்ளாட்சி அமைப்புகளின் கடன் சட்டம், குறிப்பிட்ட நோக்கங்களுக்கு மட்டுமே கடன் வாங்க அனுமதிக்கிறது. ஈடாக நிற்பது உள்ளாட்சியின் நிதி. கட்டத் தவறினால் அதைப் பற்றுகை (ஜப்தி) செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. சம்பளத்துக்கு ஒரு மாதம் எடுத்துக்கொண்டு அப்புறம் திருப்பி வைத்துவிடலாம் என்று யார் சொன்னாலும் தலையாட்டாதீர்கள். செலவுக் கணக்கு காட்ட முடியாமல் அடுத்த தவணைக் கடன் நின்றுபோய், தோண்டிய தெரு ஐப்பசி மழையில் அப்படியே கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்தப் பள்ளத்தின் மேல் பலகை போட்டுத்தான் நடந்தார்கள்.