பொன்மொழி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தவர்கள் பலர் இப்போது பட்டணத்துத் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) இருக்கிறார்கள். பொன்மொழிமேல் உள்ள ஆசையும் அவர்களோடு வந்துவிட்டது. தமிழ்ப்பள்ளிப் பலகை, திருவிழாப் பதாகை, கல்யாணப் பத்திரிகை, கருமக்கிரியை அட்டை என்று எல்லாவற்றிலும் இரண்டு வரி வேண்டும். பல வருடங்களாக அந்த இரண்டு வரிகளை எழுதிக் கொடுப்பவன் என்பதால், திரும்பத் திரும்பப் பார்க்கும் சில தவறுகளைச் சொல்கிறேன்.

முதலாவது, பெயர் மாறிப்போவது. அன்னதானப் பதாகையில் 'உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே' என்று எழுதிக் கீழே திருவள்ளுவர் என்று போட்டுவிடுகிறார்கள். அது குறளே அல்ல. புறநானூற்றின் 18ஆம் பாட்டில் இருக்கிறது, மணிமேகலையிலும் வருகிறது. இதைக் கண்டுபிடிக்கப் புலமை தேவையில்லை. குறள் என்றால் முதல் அடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று, மொத்தம் ஏழு. அப்புறம், 1330 குறளுக்கும் எண் உண்டு. எண்ணைச் சொல்ல முடியவில்லை என்றால் புத்தகத்தைத் திறந்து பார்க்கும் வரை வள்ளுவர் பெயரைப் போடாதீர்கள்.

ஔவையார் விஷயத்திலும் இதே கதைதான். கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்குத் 'திரைகடல் ஓடியும் திரவியம் தேடு' என்ற வரி நெஞ்சுக்கு நெருக்கமானது. அது கொன்றை வேந்தனில் வருவது, ஆத்திசூடியில் அல்ல. சங்கப் பாடல்களைப் பாடிய ஔவையார் வேறு, இந்த நீதிநூல்களைப் பாடிய ஔவையார் வேறு. அதியமானுக்கு நெருக்கமானவர் முன்னவர். பள்ளி நாடகத்தில் இருவரையும் ஒருவராக்கிவிடுகிறோம்.

வெளிநாட்டுப் பெரியவர்களின் பெயரில் வருபவற்றுக்கு இன்னும் கவனம் வேண்டும். 'உலகில் நீ காண விரும்பும் மாற்றமாக நீயே இரு' என்பதைக் காந்தி அதே சொற்களில் சொன்னதாகப் பதிவு இல்லை. நாம் நம்மை மாற்றிக்கொண்டால் உலகத்தின் போக்கும் மாறும் என்ற கருத்தை 1913இல் எழுதியிருக்கிறார். பதாகை வரியைவிட இது அடக்கமானது, எனக்கு இதுதான் பிடிக்கிறது. ஐன்ஸ்டைன் 1929இல் ஒரு பேட்டியில் அறிவைவிடக் கற்பனை முக்கியம் என்று சொன்னது உண்மை. ஆனால் அதற்கான காரணத்தையும் உடனே சொன்னார்: அறிவுக்கு எல்லை உண்டு, கற்பனை உலகையே வளைத்துக்கொள்ளும். ஓவியப் போட்டிப் பதாகையில் முதல் வரியை மட்டும் போட்டால், படிக்கவே வேண்டாம் என்று அவர் சொன்னதாகப் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள்.

பாதியில் வெட்டுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' தெரியாத தமிழர் இல்லை. கணியன் பூங்குன்றனார் பாடிய அந்தப் புறநானூற்றுப் பாட்டு (192) மொத்தம் 13 அடிகள். இரண்டாம் அடி 'தீதும் நன்றும் பிறர்தர வாரா'. விபத்தில் மகனைப் பறிகொடுத்த ஒரு வீட்டின் அட்டைக்கு இந்த அடியைத் தனியாக எடுத்து எழுதச் சொன்னார்கள். உனக்கு வந்த துன்பத்துக்கு நீயே காரணம் என்றல்லவா அந்தத் தாய்க்குக் கேட்கும்! நான் எழுதவில்லை. பாட்டை முழுதாகப் படித்தால் அந்தக் கடுமை எங்கேயும் இல்லை. கல்லில் மோதி இரையும் பேராற்றில் போகும் புணைபோல உயிர் தன் முறைப்படி போகிறது, அதனால் பெரியோரைக் கண்டு வியக்கவும் மாட்டோம், சிறியோரை இகழ்வது அதைவிடவும் செய்யமாட்டோம் என்று முடிகிறது. வெட்டிய துண்டு குற்றம் சாட்டுகிறது, முழுப் பாட்டு தோளில் கை வைக்கிறது.

அடுத்தது, 'இதன் உண்மையான அர்த்தம் தெரியுமா?' என்று வாட்சப்பில் சுற்றுபவை. 'சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்' என்பது சஷ்டி விரதம் இருந்தால் கருப்பையில் பிள்ளை வரும் என்பதாம். இதற்கு ஆதாரம் எதையும் யாரும் காட்டுவதில்லை, ஒலி ஒத்துப்போவதை மட்டும் காட்டுகிறார்கள். லயத்து அடுப்பில் கொட்டாங்கச்சி அகப்பையால் கஞ்சி கிண்டியவர்களுக்கு இந்தப் பழமொழிக்கு உரை தேவையில்லை. உள்ளே இருப்பதுதான் வெளியே வரும், அது சோறானாலும் சொல்லானாலும். பிள்ளைக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு இதை விரதக் கணக்காக அனுப்பினால் எப்படி வலிக்கும் என்று யோசியுங்கள். பழமொழியின் பழைய வடிவத்தைத் தேடுவோருக்குப் பழைய தொகுப்புகள் உண்டு. பெர்சிவல் பாதிரியார் 1874இல் சென்னையில் வெளியிட்டதில் ஆறாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன.

மலாய்ப் பழமொழியைச் சொல்லுக்குச் சொல் மாற்றுவதும் வேண்டாம். 'சிக்கிட் சிக்கிட், லாமா லாமா ஜாடி புக்கிட்' என்பதற்குக் 'கொஞ்சம் கொஞ்சம், நாளாக நாளாக மலை' என்று எழுதுவானேன்? 'சிறுதுளி பெருவெள்ளம்' நம்மிடம் இருக்கிறதே.

இதையெல்லாம் சொன்னால் சிலர் 423ஆம் குறளையே எடுத்துக் காட்டுகிறார்கள்: 'எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்' என்கிறதே, யார் சொன்னால் என்ன? சரி, ஆனால் குறள் அங்கே நிற்கவில்லை. 'அப்பொருள் மெய்ப்பொருள் காண்பது அறிவு' என்கிறது. பெரிய பெயரைக் கண்டதும் தலையாட்டாதே என்பதும் அதற்குள் இருக்கிறது. சொல்லின் பலம் சொல்லில் இருக்குமானால், பொய்யாக ஒரு பெயரைத் தாங்கலுக்கு வைப்பது எதற்கு?

அண்மையில் ஒரு பாட்டியின் நினைவு அட்டைக்கு வரி கேட்டு வந்தார்கள். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். மழையில் பட்டை நனைந்தால் வெட்ட முடியாது, அன்றைய சம்பளம் போய்விடும், கடைக்கடன் மட்டும் ஏறும். அப்போதெல்லாம் 'மழை விட்டும் தூவானம் விடவில்லை' என்பாராம். இதைத்தான் போட வேண்டும், கீழே எந்த அறிஞர் பெயர் போடலாம் என்று பேரன் கேட்டார். 'பாட்டி அடிக்கடி சொன்ன பழமொழி' என்று எழுதி, பாட்டியின் பெயரைப் போட்டுக் கொடுத்தேன்.