மோட்டார் சைக்கிளில் ஜிபிஎஸ்: கருவியைத் தேர்ந்தெடுப்பதும் வழியை ஏற்றுவதும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏற இரண்டு சாலைகள் உண்டு. ஒன்று, எல்லோரும் போகும் இருபது கொண்டை ஊசி வளைவுச் சாலை. மற்றொன்று அயோத்தியாப்பட்டணம், குப்பனூர், கொட்டச்சேடு வழியாகச் சுற்றி ஏறும் சாலை. குப்பனூர் வழியாக ஏறி, இருபது வளைவுச் சாலையில் இறங்குவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். முந்தைய இரவே கணினியில் வழியை வரைந்து கருவியில் ஏற்றியிருந்தேன். அயோத்தியாப்பட்டணத்தைத் தாண்டியதும் கருவி என்னைத் திரும்பச் சொன்னது. திரும்பினேன். சிறிது தூரத்தில் மறுபடியும் திரும்பச் சொன்னது. லாரிகள் ஓயாமல் போகும் சாலையில் மூன்று முறை வண்டியைத் திருப்பிய பிறகுதான் அதை அணைத்துவிட்டு, தேநீர்க் கடையில் வழி கேட்டுப் போனேன்.

காரணம் தெரிய எனக்கு இரண்டு வாரம் ஆனது. அதை நான்காம் படியில் விரிவாக எழுதியிருக்கிறேன். அவசரமாக இருப்பவர்கள் நேராக அங்கே போகலாம்.

முதல் படி: எதை வாங்குவது

கையில் இருக்கும் செல்பேசியே போதாதா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. ஊருக்குள்ளும் அருகிலுள்ள ஊர்களுக்கும் போதும். கூகுள் மேப்ஸில் இருசக்கர வாகனத்துக்கான தனிப் பிரிவு 2017 டிசம்பரிலேயே இந்தியாவில் வந்துவிட்டது. அதைத் தேர்ந்தெடுக்காமல் கார் பிரிவிலேயே விட்டுவிடுகிறவர்கள் இன்றும் பலர். பெங்களூரு – மைசூரு விரைவுச் சாலையின் முதன்மைத் தடத்தில் 2023 ஆகஸ்ட் 1 முதல் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை, பக்கத்துச் சர்வீஸ் சாலையில்தான் போக வேண்டும். கார் பிரிவில் வழி கேட்டால் அது முதன்மைத் தடத்தைக் காட்டுவதில் என்ன தவறு இருக்கிறது?

நீண்ட பயணத்தில் செல்பேசிக்கு மூன்று எதிரிகள். முதலாவது வெயில். ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரையிலான வெப்பநிலையில் பயன்படுத்தும்படி ஆப்பிள் சொல்கிறது. நம் ஊர் ஏப்ரல் மதியத்தில், சார்ஜ் ஏறிக்கொண்டே, நேர் வெயிலில் இருக்கும் செல்பேசி அந்த எல்லையை எப்போதோ தாண்டியிருக்கும். திரை மங்கும், பிறகு தானாக அணையும். இரண்டாவது மழை. திரையில் விழும் துளிகளை விரல் என்று நினைத்துக்கொண்டு வரைபடம் தன்போக்கில் நகரும். மூன்றாவது அதிர்வு. சக்திவாய்ந்த மோட்டார் சைக்கிள் என்ஜின்களின் அதிர்வு கேமராவின் பட நிலைப்படுத்தும் பகுதியைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் 2021இல் வெளிப்படையாகவே எச்சரித்தது. மற்ற செல்பேசிகள் பலவற்றின் கேமராக்களிலும் இதே வகை நுட்பம்தான் இருக்கிறது.

கார்மின் ஜூமோ, டாம்டாம் ரைடர் போன்ற தனிக் கருவிகள் இந்த மூன்றையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. ஜூமோ எக்ஸ்டி 2020இல் வந்தது. 5.5 அங்குலத் திரை, கையுறையோடு தொடலாம், ஐபிஎக்ஸ்7 தரத்தில் நீர் புகாது. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் முப்பது நிமிடம் தாங்கும் என்பதே அந்தத் தரத்தின் பொருள். அழுத்தத்தோடு பீய்ச்சும் நீரைத் தாங்கும் என்று அதற்குப் பொருள் இல்லை. வண்டி கழுவும் கடையில் கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

ராயல் என்ஃபீல்டின் டிரிப்பர் 2020இல் மீட்டியார் 350 வண்டியோடு வந்தது. அம்புக்குறியும் தூரமும் மட்டும் காட்டும் சிறு வட்டம் அது. ஹிமாலயன் 450இல் முழு வரைபடமே தெரிகிறது. இரண்டும் செல்பேசியிலிருந்துதான் வழியைப் பெறுகின்றன. செல்பேசி அணைந்தால் வட்டமும் வெறும் வட்டம்தான்.

என் தேர்வைக் கேட்டால், புதியவர்கள் தனிக் கருவிக்குப் பணம் கொட்ட வேண்டாம். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய செல்பேசியில், இணையம் இல்லாமலும் வழி காட்டும் ஓஎஸ்எம்ஆண்ட் செயலியையும் தமிழ்நாடு வரைபடத்தையும் இறக்கி, அதை வண்டிக்கென்று ஒதுக்குங்கள். சிம் தேவையில்லை. பேசுவதற்கான செல்பேசி சட்டைப்பையில் முழுச் சார்ஜோடு இருக்கட்டும், விபத்து நேர்ந்தால் அதுதான் உயிர் காக்கும். ஆறு மாதம் இப்படி ஓட்டியும் மழையும் மலையும் உங்களை விடவில்லை என்றால் தனிக் கருவி வாங்குங்கள். நான் அந்த வழியில்தான் வந்தேன்.

வெளிநாட்டிலிருந்து யாரேனும் வாங்கி வருவதாகச் சொன்னால் ஒன்றைக் கவனியுங்கள். இருப்பிடம் அறியும் கருவி வேறு, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி வேறு. கார்மின் இன்ரீச் போன்ற இரண்டாம் வகையைத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்திலேயே பிடிபட்டுச் சிக்கலுக்கு உள்ளானவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாம் படி: பொருத்துவதும் மின்சாரமும்

தாங்கியை வேகமானியை மறைக்காத இடத்தில், கண்ணை அதிகம் தாழ்த்தாமல் பார்க்கும் உயரத்தில் பொருத்துங்கள். பெரும்பாலான ஹேண்டில்பார்கள் 22 மில்லிமீட்டர் விட்டம் கொண்டவை. ஸ்கூட்டர் என்றால் பக்கக் கண்ணாடியின் தண்டில் பொருத்தும் வகையை வாங்க வேண்டும். உலோகத்தால் ஆன, குமிழ் மூட்டு உள்ள தாங்கிதான் என் விருப்பம். நான்கு மூலையிலும் ரப்பர் இழுத்து மாட்டும் பிளாஸ்டிக் தாங்கிகளை நான் நம்புவதில்லை. ஒரு வேகத்தடை போதும். செல்பேசி வைப்பவர்கள் அதிர்வு தணிக்கும் ரப்பர் இணைப்பையும் சேர்த்தே வாங்குங்கள்.

வண்டியின் பேட்டரி 12 வோல்ட், செல்பேசிக்குத் தேவை 5 வோல்ட். இடையில் மாற்றி உள்ள, மூடி போட்ட சார்ஜர் வேண்டும். அதைப் பேட்டரியில் நேரடியாக இணைக்காமல், சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் வயரில், பியூஸ் வைத்து இணைக்கச் சொல்லுங்கள். நேரடியாக இணைத்தால் வண்டி நிற்கும்போதும் சார்ஜர் சிறிது சிறிதாக மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். பத்து நாள் ஓட்டாத வண்டி பதினோராம் நாள் கிளம்பாது.

எலக்ட்ரீஷியன் வயரைக் கட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். கட்டும் முன் ஹேண்டிலை இடக்கோடி வரையும் வலக்கோடி வரையும் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். வயர் எங்கும் இழுபடக் கூடாது, எங்கும் நசுங்கவும் கூடாது. இழுபடும் வயர் ஒரு நாள் கொண்டை ஊசி வளைவில்தான் அறும்.

மூன்றாம் படி: கிளம்பும் முன் வானத்தைக் காட்டுங்கள்

டவர் இல்லாத காட்டில் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றுக்கும் செல்பேசி டவருக்கும் தொடர்பே இல்லை. நான்கு செயற்கைக்கோள்களின் சைகை கிடைத்தால் இடம் தெரிந்துவிடும். மூன்று இடத்துக்கு, நான்காவது கருவியின் கடிகாரப் பிழையைத் திருத்துவதற்கு.

பிறகு ஏன் காட்டில் திணறுகிறது? ஒவ்வொரு செயற்கைக்கோளும் தான் எங்கே இருக்கிறது என்ற தகவலை நொடிக்கு 50 பிட் என்ற மெதுவான வேகத்தில் அனுப்புகிறது. அதை முழுதாகக் கேட்க அரை நிமிடம் ஆகும். நடுவில் மரமோ மலைச்சரிவோ மறைத்தால் மீண்டும் முதலிலிருந்து கேட்க வேண்டும். செல்பேசி இந்தத் தகவலை இணையத்திலிருந்து நொடியில் எடுத்துக்கொள்வதால் நகரத்தில் நமக்கு இது தெரிவதில்லை. ஆகவே அடிவாரத்தில், திறந்த வெளியில் கருவியை இயக்கிவிட்டு ஒரு தேநீர் குடியுங்கள்.

நான்காம் படி: வழியை ஏற்றுவது

இனி அயோத்தியாப்பட்டணத்துக்கு வருகிறேன்.

பயண வழியைச் சேமிக்கும் ஜிபிஎக்ஸ் என்ற கோப்பில் ரூட், டிராக் என்று இரண்டு வகை உண்டு. இரண்டும் திரையில் கோடாகத்தான் தெரியும், ஆனால் தன்மை வேறு. டிராக் என்பது நெருக்கமான ஆயிரக்கணக்கான புள்ளிகள், தரையில் போட்ட கோலம் போல அசையாதது. ரூட் என்பது சில புள்ளிகள் மட்டும். புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையில் எந்தச் சாலையில் போவது என்பதைக் கருவியே தன் வரைபடத்தையும் அமைப்புகளையும் வைத்துக் கணக்கிடும். கணினியில் நான் வரைந்த வளைந்த கோடு கருவிக்குள் போனபோது, என் கோடு அங்கே இல்லை. புள்ளிகள் மட்டுமே இருந்தன.

என் தவறுகள் இரண்டு. ஊருக்குள் வைத்த புள்ளி சாலையின் மேல் விழாமல் பக்கத்துச் சந்தில் விழுந்திருந்தது. வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமல் வைத்ததன் விளைவு. அடுத்து, அந்தப் புள்ளியைக் கட்டாயம் தொட வேண்டிய நிறுத்தமாகக் குறித்திருந்தேன். அதைத் தொடாமல் நான் முன்னே போனதால், கருவி தன் கடமையைச் செய்து என்னைத் திரும்பக் கூப்பிட்டது.

இப்போது நான் செய்வது இதுதான். சந்திப்பின் மேல் புள்ளி வைப்பதில்லை. சந்திப்பைத் தாண்டி, நான் போக விரும்பும் சாலையில் ஒரு கிலோமீட்டர் உள்ளே வைக்கிறேன். குப்பனூர்ச் சாலையில் தெளிவாக ஒரு புள்ளி இருந்தால் கருவிக்கு வேறு வழியே கிடையாது. நடுத்தடுப்பு உள்ள சாலை என்றால் நாம் ஓட்டும் இடப்பக்கத் தடத்தில் விழும்வரை பெரிதாக்குகிறேன். சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும் நிற்கும் இடங்களை மட்டும் நிறுத்தமாகக் குறிக்கிறேன். மற்றவற்றை, கார்மினில் ஷேப்பிங் பாயின்ட் என்று அழைக்கப்படும், அறிவிப்பில்லாமல் கடந்து போகும் வகைக்கு மாற்றிவிடுகிறேன். வழி தவறினால் தானாக மறுகணக்கிடும் வசதியை, என்னைக் கேட்டபின் செய்யும்படி அமைக்கிறேன். அதே பயணத்தை டிராக்காகவும் ஏற்றி, வேறு நிறத்தில் தெரியும்படி வைக்கிறேன். இரண்டு கோடுகளும் பிரிந்தால், ஏதோ சரியில்லை என்று வண்டியை ஓரம் கட்டுகிறேன்.

ஏற்காடு போலக் கிளம்பிய இடத்துக்கே திரும்பும் சுற்றுப் பயணத்துக்கு இன்னொரு ஏற்பாடு: இரண்டு பாதிகளாக உடைத்து இரண்டு கோப்பாக்குங்கள். தொடக்கமும் முடிவும் ஒரே இடமாக இருக்கும்போது சில கருவிகள் குழம்புகின்றன.

ஓஎஸ்எம்ஆண்டில் டிராக்கையே பின்தொடரச் சொல்லலாம். புதியவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க இது ஒன்றே போதுமான காரணம்.

ஐந்தாம் படி: ஓட்டும்போது

காதால் ஓட்டுங்கள். ஹெல்மெட்டுக்குள் பொருத்தும் புளூடூத் ஒலிபெருக்கி எனக்குத் திரையைவிட முக்கியமானது. காதுத் துளையை அடைக்கும் இயர்போன் வேண்டாம், பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரன் கேட்க வேண்டும். வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாத வகையில் கருவியைப் பயன்படுத்தலாம் என்று மோட்டார் வாகன விதிகள் 2020 அக்டோபர் முதல் சொல்கின்றன. ஓடும்போது எழுத்து தட்டுவது அதில் அடங்காது. நின்று தட்டுங்கள்.

மேம்பாலமும் அதன் கீழுள்ள சர்வீஸ் சாலையும் அருகருகே இருப்பதால், நீங்கள் மேலே போகிறீர்களா கீழே போகிறீர்களா என்பதில் கருவி அடிக்கடி தவறும். அங்கே சாலைப் பலகையை நம்புங்கள். கொண்டை ஊசி வளைவுகளிலும் இதே கதைதான், மேல் சாலையும் கீழ்ச் சாலையும் வரைபடத்தில் சில மீட்டர்கள் தள்ளியே இருக்கின்றன.

பிறகு சேர்த்தவை

இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் தட்டிப் போனால் வேறு ஊருக்கு வந்துவிடுகிறேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். அட்சரேகையை எழுத இரண்டு முறைகள் உண்டு. ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால், 11.25 டிகிரி என்பது 11 டிகிரி 15 நிமிடம். அதை 11 டிகிரி 25 நிமிடம் என்று தட்டினால் பத்து நிமிடம் வடக்கே போய்விடுவீர்கள். ஒரு நிமிடம் ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர், ஆக 18 கிலோமீட்டருக்கும் மேல் பிழை. அமைப்புகளில் தசம டிகிரியைத் தேர்ந்தெடுத்துவிட்டு எண்ணைத் தட்டுங்கள்.

மசினகுடி வழியாக மைசூரு கிளம்பிய இன்னொருவரை, இரவில் மூடியிருந்த பந்திப்பூர் வாயில் வரை கருவி கூட்டிப்போயிருக்கிறது. அந்தக் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்பட்டிருக்கும். வாயில் மூடும் நேரத்தை எல்லா வரைபடமும் கணக்கில் கொள்ளாது. மலைச்சாலையில் கருவி சொல்லும் நேரத்தோடு பாதியைக் கூட்டிக்கொள்வது என் வழக்கம். மூடும் நேரத்தையோ புள்ளியின் பெயராகவே எழுதிவிடுகிறேன். என் கோப்பில் அந்த இடத்தின் பெயர் இப்போது 'பந்திப்பூர் வாயில், 9க்கு முன்'.