பதினைந்து வயதுப் பதிவும் பிற்கால வேட்புமனுவும்

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், காவல்துறைக்கும் இளைஞர்களுக்கும் இடையே பாலமாக இருப்பதற்கென ஆண்டுக்கு 15,000 பவுண்டு ஊதியத்தில் அமர்த்தப்பட்ட 17 வயதுப் பெண் ஒருவர், 2013 ஏப்ரலில் சில நாள்களுக்குள்ளாகவே விலக நேர்ந்தது. 14 வயதிலிருந்து 16 வயது வரை அவர் ட்விட்டரில் எழுதியவற்றை ஒரு ஞாயிறு நாளேடு தோண்டியெடுத்து அச்சிட்டிருந்தது. காவல்துறை விசாரித்து, நடவடிக்கை தேவையில்லை என்று முடித்துக்கொண்டபோதும் போன பதவி திரும்பவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் செய்யும் முதல் தவறு, பழைய பதிவு எதுவானாலும் ஒரே அளவு ஆபத்து என்று அஞ்சுவது. ஸ்காட்லாந்தின் மைரி பிளாக் பள்ளிப் பருவத்தில் மது, கால்பந்து பற்றியெல்லாம் கெட்ட வார்த்தை கலந்து எழுதியவை வெளிவந்தும், 2015இல் பெய்ஸ்லி மக்கள் தொழிற்கட்சியின் மூத்த தலைவர் டக்ளஸ் அலெக்சாண்டரைத் தோற்கடித்து, 20 வயதான அவரையே நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ், தம்மைச் சிறுமைப்படுத்த 2019இல் பரப்பப்பட்ட கல்லூரிக் கால நடன வீடியோவுக்கு, தம் அலுவலக வாசலில் மறுபடி ஆடிக் காட்டியே பதில் சொன்னார். ஆனால் 2017 ஜூனில் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் ஹாலம் தொகுதியில் முன்னாள் துணைப் பிரதமர் நிக் கிளெக்கை வீழ்த்திய தொழிற்கட்சியின் ஜாரெட் ஓமாரா, இருபதுகளின் தொடக்கத்தில் பெண்களையும் தன்பாலின ஈர்ப்பினரையும் இழிவுபடுத்தி இணையத்தில் எழுதியவை அதே ஆண்டு அக்டோபரில் வெளியானதும், நாடாளுமன்றத்தின் பெண்கள், சமத்துவக் குழுவிலிருந்து விலகினார். கட்சியும் அவரை இடைநீக்கம் செய்தது. தன்னைப் பற்றி உளறியவரைப் பார்த்து வாக்காளர் சிரித்துவிட்டுப் போகிறார். ஆனால் வாக்காளரின் இனத்தையோ பாலினத்தையோ ஏசியவரிடம் வாக்குச்சீட்டை நீட்ட அவருக்குக் கை வருவதில்லை.

இரண்டாவது, நீக்கினால் தீர்ந்தது என்று நம்புவது. 2015 முதல் கலிஃபோர்னியாவில் நடைமுறையில் உள்ள சட்டப்படி, 18 வயது நிரம்பாதவர்கள் தாங்கள் இட்டதை நீக்கிக்கொள்ளலாம். அதையே இன்னொருவர் எடுத்துப் போட்டிருந்தால் அச்சட்டம் உதவாது. அரசியல்வாதிகள் நீக்கிய ட்வீட்களைச் சேகரிப்பதையே வேலையாகக் கொண்ட ‘பொலிட்வூப்ஸ்’ என்ற இணையதளம் 2010இலேயே நெதர்லாந்தில் தொடங்கப்பட்டுவிட்டது. மனுத்தாக்கல் வாரத்தில் அவசரமாக ஆயிரம் பதிவுகளை அழிப்பதும் தனிச் செய்தியாகிவிடும் என்பதால், துப்புரவை அரசியலுக்கு வெகுமுன்பே செய்துகொள்வது நல்லது.

நண்பர்கள் மட்டும் உள்ள வாட்ஸ்அப் குரூப் பாதுகாப்பானது என்று எண்ணுவதும் இதே வகைதான். நாற்பது பேரில் ஒருவர் எதிர்க்கட்சியில் சேரப் பத்தாண்டு தாராளமாகப் போதும்; அவருடைய ஸ்க்ரீன்ஷாட்டில் உங்கள் பெயர், தேதி, இரவு 11.40 என்ற நேரம், பள்ளிச் சீருடையில் எடுத்த முகப்புப் படம் எல்லாமே இருக்கும்.

எனவே பதிவு வெளிவந்தபின் ‘என் கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள்’ என்று சொல்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. எழுதியது பதினைந்து வயதில் என்றாலும், அந்தப் பொய்யைச் சொல்பவருக்கு வயது முப்பத்தைந்து.